கடைசி வசனம் யாருக்கு

மார்ச் 3
இன்றும் இழுபறிதான். எங்கள் கிரைம் தொடரின் விசாரணைக் காட்சி. யார் உட்காருவது, யார் நிற்பது என்பதிலேயே ஒரு மணி நேரம் போனது. கடைசியில் இன்ஸ்பெக்டராக நடிப்பவர் உட்கார்ந்தார். வேறு யார் உட்காருவார்? எஸ்.ஐ.யாக நடிக்கும் பெண் சுவரோரம் நின்றாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

மார்ச் 4
மேக்கப் அறையில் இன்ஸ்பெக்டர் நடிகர் டைரக்டரிடம் கத்தியது வெளியே எனக்கே கேட்டது. “ஆள மடக்குற வசனம் அந்தப் பொண்ணுக்கா? நான் என்ன பொம்மையா? அத நானே சொல்லிடறேன்.” டைரக்டர் தலையாட்டிவிட்டார். எட்டு வருஷமாக அந்த முகத்துக்காகத்தானே தொடர் ஓடுகிறது!

மார்ச் 5
காட்சிக்குக் காட்சி தொடர்ச்சி சரியா என்று பார்ப்பது என் வேலை. அந்த வசனம் இதுதான்: “கட்டிலுக்கு அடியில கிடந்த ஒத்தக் கம்மல் யாரோடது?”

கம்மலை எஸ்.ஐ. தனியாகப் போய் எடுக்கும் காட்சியைப் போன வாரமே எடுத்தாயிற்று. விசாரணை வரை அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அப்புறம் இன்ஸ்பெக்டருக்கு எப்படித் தெரியும்? கொலைகாரனுக்குத்தான் தெரியும்!

இன்ஸ்பெக்டர் நடிகரிடமே சொல்லத்தான் போனேன். “சார், ஒரு சின்ன விஷயம்—”

“நீ நோட்டுல எழுதுற வேலைய மட்டும் பாரும்மா.”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும்தான்.

மார்ச் 6
எடுத்து முடித்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. தப்புதானே? தப்புதான். உள்ளுக்குள் சந்தோஷமா? சந்தோஷம்தான். சீ.

மார்ச் 19
நேற்று ஒளிபரப்பானது. பார்த்தவர்கள் விடுவார்களா? ‘இன்ஸ்பெக்டருக்குக் கம்மல் எப்படித் தெரியும்? அவர்தான் கொலைகாரர்!’ என்று ஊரே பேசுகிறது. கதை எழுதுபவர் துள்ளிக் குதிக்கிறார். “இதவிட நல்ல திருப்பம் எங்க கிடைக்கும்? அவரையே உள்ள தள்ளிடலாம்!”

டைரக்டர் இதற்கும் தலையாட்டினார்.

மார்ச் 27
கைவிலங்குக் காட்சி. தொடரில் அவருக்குக் கடைசி நாள். எஸ்.ஐ. பெண் விலங்கை எடுத்ததும் அவரே இரண்டு கையையும் நீட்டினார் — நடிப்பா, நிஜமா?

கிளம்பும் முன் என்னிடம் வந்தார். “அன்னிக்கு இதத்தான் சொல்ல வந்தியா?”

தலையாட்டினேன்.

“இன்னொரு தடவ சொல்லியிருக்கலாமேம்மா.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாவி மனுஷன், திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 2
இப்போது நாற்காலியில் எஸ்.ஐ. பெண். கான்ஸ்டபிளாக நடிப்பவர் சுவரோரம். அவருடைய வசனத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இத நானே சொல்லிடறேன்க்கா.”

நோட்டைப் புரட்டினேன். அந்த வசனத்தில் வரும் இடத்துக்குக் கதையில் கான்ஸ்டபிள்தான் போனார்; அவள் போகவே இல்லை.

“அது ஒத்துவராதும்மா,” என்றேன். காதில் வாங்காமல் கண்ணாடியைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்தாள்.

இன்னொரு தடவை சொன்னேன்.