நாலு நிமிட இரங்கல்

மார்ச் 4, செவ்வாய்

வானொலியிலிருந்து என் கணவன் நெவிலுக்குக் கடிதம். இருபத்தேழு வருடமாக அவன் நடத்திவந்த சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு 'ஓய்வு' கொடுத்துவிட்டார்களாம்.

"ஓய்வு யாருக்கு? நிகழ்ச்சிக்கா, கேட்டவங்களுக்கா?" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. ஐம்பது வருடம் தனி ஆளாக மேடையில் நின்று சிரிக்கவைத்தவன், மத்தியானமே தன் மேடைக் கோட்டுகளை மூட்டை கட்டி நன்கொடைத் துணி விற்கும் தருமக் கடையில் கொடுத்துவிட்டு வந்தான். இனி மேடையும் கிடையாதாம்.

பழகிவிடும் என்றேன். நான் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற முதல் மாதம், வீட்டுக்கு வந்த கடிதங்களையெல்லாம் சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருந்ததை எடுத்துச் சொன்னேன்.

"நீ திருத்தினப்போ யாரும் கைதட்டல, டீச்சர். எனக்குத் தட்டினாங்க."

மார்ச் 9

நெவில் வேலியோரம் நின்று ஒரு ஜோக் சொன்னான். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது.

மார்ச் 20, வியாழன்

அதே வானொலியிலிருந்து இமோஜன் என்ற பெண் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். நெவிலைப் பற்றி நாலு வார்த்தை வேண்டுமாம். நிகழ்ச்சி திரும்ப வருகிறது என்றே நினைத்தேன் — எவ்வளவு பேசினேன்! பிறகு கேட்டாள்: "அவர் இல்லாத வீடு எப்படி இருக்கு?"

"அமைதியா இருக்கும். இப்ப குளியலறையில பாடிட்டிருக்கான்," என்றேன்.

அவள் திக்கித் திணறி விளக்கினாள். எழுபத்தைந்து தாண்டிய பிரபலங்களுக்கெல்லாம் இரங்கல் செய்தியை முன்கூட்டியே தயார்செய்து வைப்பார்களாம். வழக்கம்தானாம். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நான்தான் தேற்றினேன்.

இதை அவனிடம் சொல்வதா?

மார்ச் 21

சொல்லிவிட்டேன். தேர்வில் தோற்ற பிள்ளையிடம்கூட மறைத்ததில்லை நான். அவன் முகம் வெளுத்துப் போயிற்று. தப்பு பண்ணிட்டேனோ... எழுந்து ஜன்னலோரம் போய் நின்றான்.

"எத்தனை நிமிஷம்?"

"நாலு."

"நாலா! கிளைவ் போனப்போ ஆறு குடுத்தாங்க. ரெண்டே ஜோக்கை நாப்பது வருஷம் சொன்னவனுக்கு ஆறு!"

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தன் இரங்கலைத் தானே எழுத ஆரம்பித்தான். பத்தொன்பது பக்கம்.

ஏப்ரல் 12, சனி

ஹெப்டன் பிரிட்ஜில் ஒரு மதுக்கடை மாடி. புது ஜோக்குகளை இப்படிச் சின்ன அறையில் சோதித்துப் பார்ப்பதுதான் நகைச்சுவைக்காரர்கள் தொழில்முறை. முப்பத்தொரு பேர். நெவில் காகிதத்தைப் பிரித்துத் தன் மரணச் செய்தியை வாசித்தான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. உண்மையிலேயே நோய் என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் ஆங்கிலேய மரியாதைக்கு நோயாளியைப் பார்த்துச் சிரிக்க வராதே. முன்வரிசைப் பெண் எழுந்து கைக்குட்டையை நீட்டினாள்.

அவன் வாங்கி மூக்கைச் சிந்தினான். "நன்றிம்மா. அடக்கம் வெள்ளிக்கிழமை. வரும்போது டிக்கெட் எடுத்துட்டு வாங்க."

சிரிப்பில் அறையே அதிர்ந்தது. அதன்பிறகு அவன் காகிதத்தைப் பார்க்கவே இல்லை.

அக்டோபர் 3, வெள்ளி

நெவிலின் இரங்கல் நிகழ்ச்சி முப்பத்தெட்டு ஊர் சுற்றுகிறது; இன்று கிரிம்ஸ்பி. அவனுக்குச் சொல்லாமல் டிக்கெட் வாங்கி எட்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். அரங்கம் நிறைந்திருந்தது. வழியில் எங்கேயோ புதிதாக ஒரு பகுதி சேர்த்திருக்கிறான்: அதில் நான் செத்து மூன்று வருடம் ஆகிறது. கல்லறையிலும் எழுத்துப்பிழை கண்டுபிடிக்கிறேனாம்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து இருக்கை அம்மாள் என் முழங்கையைத் தட்டினாள்.

"கொஞ்சம் சும்மா இருங்க. பொண்டாட்டியப் பறிகொடுத்த மனுஷன் பேசறாரு."

மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.