அக்கா அழுத இடம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு நாளாக நீ போனை எடுக்கவில்லை. வேலை மும்முரம் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டை ரயில் கிளம்பும் முன்பே காலி செய்துவிட்டேன். பாத்திரம் என்னிடம்தான் இருக்கிறது, திட்டாதே.

அக்கா, நான் வயலினைக் கையில் எடுத்ததற்கு அன்றைக்கு உங்கள் ஊர்க் கச்சேரியில்தான் பலன் கிடைத்தது. கைதட்டல் யாருக்கும் கிடைக்கும். கண்ணீர் கிடைக்காது. வாசிக்கும்போதே முன்வரிசை முகங்களைப் பார்ப்பது என் வழக்கம். யார் கண் கலங்குகிறது, எப்போது கைக்குட்டை வெளியே வருகிறது என்று. கடைசியில் உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இறங்கி நிற்பேனே, அது ஒரு ஓட்டல் அறையில் தற்செயலாகக் கைக்கு வந்த இடம். அதில் யாரும் தப்பியதில்லை. ஆனால் நீ முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாய் என்று கனவிலும் நினைக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் மைக்கை வாங்கிச் சொன்னேன்: "அம்மா போனப்போகூட அழாத எங்க அக்கா, இன்னிக்கு அழுதுட்டாங்க!"

அரங்கமே எழுந்து நின்று தட்டியதே, பார்த்தாயா? யாரோ அதை வீடியோவாகப் போட்டு, இப்போது எல்லார் போனிலும் ஓடுகிறது. மாமாவுக்குக் காட்டு.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
சின்னவன்


மார்ச் 15

தம்பிக்கு,

மாமாவுக்கு நான் காட்ட வேண்டியிருக்கவில்லை. நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். தையல் கம்பெனியில் அப்படியா விடுவார்கள்? நான் துணி வெட்டும் மேஜைக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. முதலாளியம்மா தோளில் தட்டி, "தம்பி புண்ணியத்துல இப்பவாவது அழுதீங்களே" என்றார். சிரித்து வைத்தேன். கையில் கத்தரிக்கோல் இருந்தது, சிரிப்பதுதான் நல்லது என்று பட்டது.

அம்மா போனபோது நான் அழவில்லை என்று உனக்கு யார் சொன்னது? நீ மறுநாள் சாயங்காலம் வந்தாய். வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அதைத்தான் நீ பார்த்தாய். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே சத்தம் கேட்காமல் அழுததை எங்கே பார்த்தாய்? டாக்டரிடம் கையெழுத்து வாங்க, வந்தவர்களை உட்கார வைக்க, உனக்குத் தகவல் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

இன்னொன்று. இதைச் சொல்லவே கூடாது என்றிருந்தேன். அந்த இடம் ஓட்டல் அறையில் வந்தது என்கிறாய். நன்றாக நினைத்துப் பார். தெருமுனையில் விளையாடிக்கொண்டிருந்த உன்னை அம்மா எப்படிக் கூப்பிடுவாள்? "சின்னவ...னே" என்று மேலே எடுத்து, இழுத்துக்கொண்டே கீழே கொண்டுவந்து நிறுத்துவாள். கடைசி வாரம் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு அப்படித்தான் கூப்பிட்டாள். பக்கத்திலேயே நான் இருந்தேன். என்னைக் கூப்பிடவில்லை.

அதற்குத்தான் அழுதேன். உன் வாசிப்புக்கு அழுதேன் என்று நீ வைத்துக்கொண்டாலும் சரி.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

உன் கடிதத்துக்குப் பிறகு வயலினைத் தொடவில்லை. நேற்று ஒரு கச்சேரி, ஒப்புக்கொண்டுவிட்டதால் போனேன். அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடப் பார்த்தேன். பழகிய கை தானாக மேலே ஏறிவிட்டது. இறங்கும்போது கேட்டேன் அக்கா, அம்மாவேதான். எப்படி இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போனது?

முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு என்ன துக்கமோ என்று நினைத்தேன். அப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததே இல்லை. அவரவர் மனசில் கிடப்பதை யாருக்கும் தெரியாமல் இறக்கி வைக்கத்தான் இருட்டில் வந்து உட்காருகிறார்கள். பாட்டு கொஞ்சம் கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். உள்ளே எட்டிப் பார்க்க வாசிக்கிறவனுக்கு என்ன உரிமை? நான் எட்டிப் பார்த்ததோடு, உன்னைக் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தும் விட்டேன்.

அம்மாவின் கடைசி வாரத்தில் நீ "உடனே வாடா" என்றாய். "கச்சேரி முடிச்சிட்டு வந்துடறேன்க்கா" என்றேன். அங்கே அம்மா வாசலைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, இங்கே நான் அதையே வாசித்து, முன்பின் தெரியாதவர்களை அழவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

போட்டவரிடம் கெஞ்சிக் கேட்டு அந்த வீடியோவை நீக்க வைத்துவிட்டேன். பார்த்தவர்கள் மனசிலிருந்து எடுக்க முடியவில்லை. மன்னிப்பைக் கடிதத்தில் கேட்பது சரியில்லை. நேரில் வருகிறேன். வரவேண்டாம் என்றால் ஒரு வரி எழுது.

சின்னவன்


ஏப்ரல் 20

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை மதியம் முதுகில் வயலின் பெட்டியோடு ஒருத்தன், எதிர் மருந்துக்கடை ஓரமாக வெகுநேரம் நின்று நம் வீட்டையே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனானாம். மாடி வீட்டு டீச்சர் வந்து சொன்னார்.

"உங்க தம்பி மாதிரியே இருந்துச்சுங்க. ஆனா அவர்னா உள்ள வந்திருப்பாரே?"

"வந்திருப்பான். அது வேற யாராவதா இருக்கும்" என்றேன்.

பொய்தான். ஜன்னல் வழியாக நானும் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூப்பிட வாயைத் திறந்தேன். அம்மா கூப்பிட்ட மாதிரியே வந்துவிடுமோ என்று பயமாகிவிட்டது. திரைச்சீலையைப் பிடித்தபடி நின்றேன், நீ போய்விட்டாய். உனக்கு மட்டும்தான் வெட்கம் என்று நினைக்காதே. அம்மா உன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வந்தது அழுகை இல்லை, பொறாமை. அதை யாரிடம் சொல்ல?

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். இருக்கிறது. ஆனால் அவ்வளவு தூரம் வந்தவன் வாசல்வரை வந்து திட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

அடுத்த ஞாயிறும் வீட்டில்தான் இருப்பேன். அழைப்பு மணி கெட்டுக் கிடக்கிறது, கதவைத் தட்டு. கொஞ்சம் பலமாகவே தட்டு. கம்பெனி மெஷின் சத்தத்திலேயே இருந்து எனக்கு இப்போதெல்லாம் காது அவ்வளவாகக் கேட்பதில்லை.

அக்கா