வெளியே வரச் சொல்லும் பாடம்

லோங்ஜோ, அரசு விருந்தினர் விடுதி
ஜனவரி 1979, சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம்

என் அன்பு மகன் யுன்ஷெங்குக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நீயும் நலமாக இருப்பதாகக் காய்கறி லாரி ஓட்டும் நோங் சொன்னார். "பையன் இளைச்சிருக்கான், ஆனா சோத்துல குறை வைக்கல" என்றார். உங்கள் ராணுவ முகாமுக்கு முட்டைக்கோஸ் கொண்டுவரும் அவரே இந்தக் கடிதத்தையும் உன் கையில் தருவார். தபாலில் போட்டால் உனக்கு முன்னால் வேறு யாரோ படிப்பார்கள். படித்து முடித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

நான்னிங் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. நான் அங்கே இல்லை. சென்ற மாதம் ஜீப்பில் வந்து அழைத்தவர்கள், சில நாள் பாடம் நடத்த வேண்டும், சின்னப் பெட்டி போதும் என்றார்கள். அந்தப் பெட்டியில் வைத்த சோப்பு தீர்ந்து, வேறு சோப்பும் பாதியாகிவிட்டது. அறை சுத்தம். கரி அடுப்பு உண்டு. தினமும் ஆரஞ்சு தருகிறார்கள். வாசலுக்குப் போனால் மட்டும் காவலுக்கு நிற்பவன், "எங்க டீச்சர் கிளம்பிட்டீங்க? என்ன வேணும்னு சொல்லுங்க, நாங்களே வாங்கியாந்துடறோம்" என்கிறான். ஊசி கேட்டேன், வந்தது. தேயிலை கேட்டேன், வந்தது. கேட்டதெல்லாம் உள்ளே வருகிறது. நான்தான் வெளியே போகவில்லை.

என் மாணவர்கள் வடக்கிலிருந்து இந்த எல்லைப் பக்கத்துக்கு ரயிலில் வந்திறங்கிய சீனச் சிப்பாய்கள். ஹெனான் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு வியட்நாமிய வாக்கியங்கள் சிலவற்றின் உச்சரிப்பைச் சொல்லித்தர வேண்டும். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் நாக்கு வளையவில்லை. நம் 'ங' அவர்களுக்குச் சொல்லின் கடைசியில் வருகிறது, முதலில் வரமாட்டேன் என்கிறது. என் பெயரையே ஙோ என்று சொல்ல முடியாமல், இந்த நாட்டில் எல்லோரையும் போல வூ டீச்சர் என்கிறார்கள். லேய் என்று ஒருவன், வாயாடி. அவனைத் திருத்தினால், "டீச்சர், இது கோதுமை மாவு தின்னு வளந்த நாக்கு. சோறு தின்ன நாக்கு பேசறத இது எப்படிப் பேசும்?" என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. நான் சிரிக்கவில்லை. ஹனோயில் கன்னியாஸ்திரீகள் எங்களுக்குப் பிரெஞ்சு சொல்லித்தந்தபோது வாய்க்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். சில எழுத்துகளைச் சொல்லும்போது சுடர் ஆடக் கூடாது. அதையே இங்கும் செய்கிறேன். லேய் முதல் நாள் சுடரை அணைத்தேவிட்டான்.

அவர்கள் கையில் இருக்கும் சிறு புத்தகத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வியட்நாமியச் சொல்லுக்குக் கீழும் அதே போல ஒலிக்கும் சீன எழுத்தைப் போட்டிருக்கிறார்கள். ஒலிப்பதாக அவர்கள் நினைக்கும் எழுத்து. நம் மொழியின் ஆறு தொனிகளும் இவர்களுடைய நான்குக்குள் அடங்க வேண்டும். மீதிக்கு, கிட்டத்தட்ட இதைப் போல, கிட்டத்தட்ட அதைப் போல என்று குறிப்பு. கிட்டத்தட்ட என்பதை எந்தக் கன்னியாஸ்திரீயும் ஒரு பதிலாக ஏற்றதில்லை.

ஆனால் முதல் இரண்டு பக்கங்களில் உள்ள ஒலி அட்டவணையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டேன். அது உன் அப்பாவுடையது. சீனாவும் வியட்நாமும் அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அவர் எழுதிய பாடநூலிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறார்கள். அதில் வரைந்துள்ள உதடுகள் என்னுடையவை. என்னைச் சன்னலோரம் உட்கார வைத்து அவர் வரைந்தது உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது சின்னவன். அட்டவணையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எடுத்துக்காட்டுகளை மட்டும் மாற்றிவிட்டார்கள். கை என்ற சொல்லுக்கு அவர், 'தோழர்கள் கைகோத்து நடக்கிறார்கள்' என்று எழுதியிருந்தார். இப்போது, 'கையைத் தூக்கு.' வீடு என்ற சொல்லுக்கு, 'எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்' என்று இருந்தது. இப்போது, 'வீட்டுக்குள் எத்தனை பேர்?'

இதெல்லாம் பயிற்சிக்காக என்கிறார் அதிகாரி ஹௌ. வகுப்புக்குப் பொறுப்பு அவர்தான். பயிற்சிக்காக யாரும் ஆற்றங்கரைக்கு இவ்வளவு படகுகளைக் கொண்டுவருவதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், வியட்நாமில், யார் இருக்கிறார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். தோவா பெரியம்மா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். தபால் நிற்பதற்கு முன்பு வந்த கடைசிக் கடிதத்தில், மூட்டு வலியைப் பற்றியும் உன்னைப் பற்றியும் மட்டுமே எழுதியிருந்தாள்.

ஒரு நாள் லேய் கையைத் தூக்கி ஹௌவிடம் கேட்டான்: "நாங்க 'வெளியே வா'ன்னு சொல்லியும் அவங்க வீட்டுக்கு உள்ள இருந்து வரலேன்னா?"

ஹௌ, "வரலேன்னா உள்ள ஆயுதத்தோட இருக்கான்னு அர்த்தம். அப்புறம் என்ன செய்யணும்னு உனக்கு வேற வகுப்புல சொல்லியிருக்காங்க" என்றார்.

அன்று மாலையே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிப் படுத்துவிட்டேன். என் வாயால் இனி ஒரு சொல்லும் வராது என்று முடிவு செய்தேன். ஹௌ கோபப்படவில்லை. "ஓய்வெடுங்க வூ டீச்சர். சீன எழுத்துதான் இருக்கே, பசங்க அத வெச்சுப் பாத்துக்குவாங்க" என்றார். மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் வகுப்பு நடந்தது. புத்தகத்தைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன். வெளியே வா, கொல்லமாட்டோம் என்ற வாக்கியம் அது. எந்த வாக்கியம் என்று எனக்கு முன்பே தெரிந்ததால்தான் தெரிந்தது. தெரியாமல், சிப்பாய்களுக்குப் பயந்து ஒளிந்த நிலவறை இருட்டில் ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் இதைக் கேட்டிருந்தால் வெளியே வந்திருக்கமாட்டேன். குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு இன்னும் உள்ளே நகர்ந்திருப்பேன்.

சொல்லித்தந்தால் என் ஊருக்குள் போகிறவர்களுக்கு வழிகாட்டுகிறேன். சொல்லித்தராவிட்டால் என் அக்கா நிலவறையிலேயே இருப்பாள். ஜபம் செய்தும் மூன்றாவதாக ஒன்று தென்படவில்லை. முகம் கழுவி, தலை வாரி, வகுப்புக்குப் போனேன்.

உச்சரிப்பைத் திருத்தினால் மட்டும் போதாது என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அந்தப் புத்தகத்தில் ஒரு வாக்கியத்திலும் உறவுமுறை இல்லை. வா, நில், தூக்கு என்று மொட்டையாக இருக்கிறது. நம் மொழியில் நாயை அப்படிக் கூப்பிடுவோம். மனிதரை யாராவது அப்படிக் கூப்பிட்டால், கூப்பிடுகிறவன் எதற்கும் துணிந்தவன் என்று நினைப்போம். ஆகவே 'பாக் ஓய்' என்று முன்னால் சேர்த்துக் கரும்பலகையில் எழுதினேன். தன் பெற்றோருக்கு மூத்தவர் எவரையும், ஆணோ பெண்ணோ, நாம் கூப்பிடும் விதம். நீ தோவா பெரியம்மாவை அவள் வாசலில் நின்று கூப்பிட்ட விதம்.

ஹௌ அர்த்தம் கேட்டார். சொன்னேன். "எதிரிய பெரியப்பா, பெரியம்மான்னு கூப்பிடச் சொல்றீங்களா? நல்லா இருக்கு. அடுத்து கால்ல விழச் சொல்வீங்க போல" என்றார்.

"அர்த்தத்துக்காக இல்லை தோழர். நாக்குப் பயிற்சிக்காக. தொண்டைக்குள் இழுக்கும் 'ப', காற்று விடாமல் நிறுத்தும் 'க்', உங்கள் பேச்சில் இல்லாத 'ஓய்', மூன்றும் இந்த இரண்டு அசைக்குள் இருக்கின்றன. இதை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்கினால்தான் அடுத்த சொல் சரியாக வரும்" என்றேன். அத்தனையும் உண்மை. கன்னியாஸ்திரீகள் கேட்டால்கூட இதைப் பொய்யில் சேர்க்கமாட்டார்கள். அவர் யோசித்து, மேலே 'உச்சரிப்புப் பயிற்சி' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அதிலிருந்து ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் அதைச் சொல்ல வைக்கிறேன். இப்போது லேய் வாயிலிருந்து அது தானாகவே வருகிறது. சுடர் ஆடுவதில்லை.

யுன்ஷெங், நீ ஒரு படைக் கம்பெனியின் துணைத் தலைவன். உன் ஆட்கள் உன் வாயைப் பார்த்துத்தான் பேசுவார்கள். பள்ளியில் பையன்கள் கேலி செய்ததிலிருந்து நீ இந்த மொழியில் பேசுவதில்லை. நான் உன்னை வற்புறுத்தியதும் இல்லை. இப்போது வற்புறுத்துகிறேன். எந்த வீட்டின் முன் நின்றாலும் முதலில் நீ கூப்பிடு. புத்தகத்தில் உள்ளபடி அல்ல. பிறகு பொறுமையாக இரு. வயதானவர்களுக்கு எழுந்து வர நேரமாகும், மூட்டு வலி இருக்கும். கொல்லமாட்டோம் என்ற சொல்லைப் பிழையில்லாமல் சொல்ல என்னால் கற்றுத்தர முடிகிறது. மீதி உன் கையில் இருக்கிறது.

காலுறைகளை ஈரத்தோடு போடாதே. மாதா உன்னைத் தன் மேலங்கிக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா,
ஙோ தீ குவே


லோங்ஜோ
பிப்ரவரி 1979

அன்புள்ள மகனுக்கு,

இது தபாலில் வருவதால் செய்தி குறைவு. இதைத் திறப்பவர் மறுபடி ஒட்டும்போது பசையை ஓரத்தோடு நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். முன்பு ஒரு முறை தபாலில் வந்தபோது உள்தாளும் சேர்ந்து ஒட்டிக்கொண்டதாக நீ எழுதியிருந்தாய்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மழை விடவில்லை. புத்தாண்டுக்கு இலையில் சுற்றிய அரிசிக் கட்டி கொடுத்தார்கள். உப்பு அதிகம்.

வகுப்பு முடிந்துவிட்டது. புத்தகத்தைத் திருத்தி மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். நான் சேர்த்திருந்த உச்சரிப்புப் பயிற்சி அதில் இல்லை. இடம் போதவில்லையாம். வீட்டுக்குப் போகலாமா என்று அதிகாரியிடம் கேட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் இருங்க, என்ன அவசரம்?" என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு, ஆரஞ்சு வந்ததா என்று விசாரித்தார்.

மாணவர்கள் நேற்றுக் காலை லாரிகளில் கிளம்பினார்கள். நான் வழியனுப்பப் போகவில்லை. கதவைச் சாத்தி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தேன். விடுதிப் பணிப்பெண் தட்டினாள், வரமாட்டேன் என்றேன். அதிகாரி ஆளனுப்பினார், அதற்கும் வரமாட்டேன் என்றேன். லாரிகள் என் சன்னலைத் தாண்டும்போது எவனோ ஒருவன் தொடங்கினான், லேயாகத்தான் இருக்கும். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து, சிரித்துக்கொண்டு, என்னை நோக்கி, "பாக் ஓய், பாக் ஓய்" என்று கூப்பிட்டார்கள். ஒருவன்கூடப் பிழைவிடவில்லை.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வருவது என்று நான் முடிவெடுக்கவில்லை. செருப்புக்கூடப் போடவில்லை. அப்படிக் கூப்பிட்டால் எங்களுக்குக் கால் நிற்காது, யுன்ஷெங். அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் வாசலில், மழையில், வெறும் கையோடு நின்றேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், கையசைத்தார்கள், போய்விட்டார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. வெளியே வந்த ஒரு கிழவிக்கு அதுதான் நடக்க வேண்டும்.

நீ எங்கே இருந்தாலும் பெரியவர்களிடம் மரியாதையாக நடந்துகொள். நம் வீட்டுப் பிள்ளை என்று அவர்கள் நம்பும்படி நடந்துகொள். உன் அப்பாவுக்குப் பிடிக்காமல் நான் தினமும் காலையில் முழங்காலில் நின்று செய்கிற காரியம் ஒன்று உண்டல்லவா, அதை உனக்காகவும், உன் குரல் கேட்டுக் கதவைத் திறக்கப் போகிறவர்களுக்காகவும் சேர்த்தே செய்கிறேன்.

உன் அம்மா