கைபிரேக் இல்லாத ஒரு வருஷம்

அண்ணா,

இன்று காலை மாம்பழச்சாலை சிக்னலில் எனக்கு முன்னால் ஒரு மினி லாரி, நிறைய வாழைத்தார். கண்ணாடியை இறக்கியிருந்தேன். பழுத்த வாழையின் மணம் உள்ளே வந்ததும் கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. அங்கே இருந்த புடைப்பு எப்போதோ வடிந்துவிட்டது, கைக்குத்தான் அது தெரியவில்லை. பச்சை விழுந்ததும் பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான், நான் வண்டியை எடுத்தேன். ஆமாம், நான்தான் ஓட்டினேன், உன் வெள்ளைக் காரைத்தான். சிரிக்காதே.

வையம்பட்டிக் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிய அந்த மழை நாள் உனக்கு மறந்திருக்காது. டவுனுக்குள் நுழைந்ததும் ரயில் பாதைக்கு அடியில் போகும் கீழ்ப்பாலத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. "சுத்திப் போயிடலாம்ணா" என்றேன். "இந்தத் தண்ணிக்கா?" என்று நீ உள்ளே இறக்கினாய். மறுபக்கம் ஏறி வந்ததும், முன்னால் மார்க்கெட்டுக்குப் போகும் வாழைத்தார் வண்டி நின்றது. நீ பிரேக்கை மிதித்தாய். கார் காதில் வாங்காமல் கொஞ்ச தூரம் போனது, அப்புறம் ஒரு பக்கமாக இழுத்தது, அப்புறம் முட்டியது. பானட்டின் மேல் இரண்டு தார் விழுந்தன. என் நெற்றி வீங்கியது, மூக்குக்கண்ணாடி உடைந்தது. அந்த டிரைவர் நல்ல மனுஷர். சண்டைக்கு வராமல், என் நெற்றியைப் பார்த்துவிட்டு "வெச்சுக்கங்கம்மா" என்று ஒரு சீப்புப் பழத்தைக் கையில் கொடுத்தார். நீ அதில் இரண்டு பழம் தின்றாய். இடித்ததை நான் அன்றைக்கே மன்னித்திருப்பேன். அந்த இரண்டு பழத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை.

"இனிமே உன் கார்ல ஏறவே மாட்டேன்" என்று சொன்னேன், ஏறவும் இல்லை. அதனால் எனக்குத்தான் நஷ்டம் என்பது உனக்கும் தெரியும். வீட்டுக்காரர் போன பிறகு நான் ஸ்ரீரங்கத்தைவிட்டு வெளியே வந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் உன் காரில்தான். அதையும் விட்ட பிறகு பால் வாங்க மாடியிலிருந்து இறங்குவேன், ஏறிவிடுவேன். ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டு, சாயங்காலம் போனில் உன்னிடம் பேசும்போது என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. இதை அப்போது நான் உன்னிடம் சொல்லவில்லை. நீ கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நீ என்னைச் சமாதானப்படுத்த வராமல், காரைக் கொண்டுபோய்ப் பாலக்கரையில் ஆரோக்கியத்தின் பட்டறையில் விட்டாய். பின் சக்கரத்து டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் போடப்போவதாகப் போனில் சொன்னாய். கல்லூரியில் முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி நடத்திய வாய், சும்மா இருக்குமா? "டிரம் வந்து, மூடி போட்ட இட்லிப் பானை மாதிரி விஜி. உள்ள தண்ணி போச்சுன்னா சட்டுனு வெளிய வராது, பிடிமானம் போயிடும். டிஸ்க் தோசைக்கல்லு மாதிரி, திறந்து கிடக்கும். தண்ணி பட்டாலும் ஒரு சுத்துல வழிச்சு எறிஞ்சிடும்." அடுப்பில் என் தோசை கருகிக்கொண்டிருந்தது, அதைச் சொன்னாலும் நீ நிறுத்தவில்லை.

மூன்று மாதம் ஆனது. டிஸ்க் ஒரு வண்டியிலிருந்து, அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் வேறொரு வண்டியிலிருந்து. இரண்டையும் உன் கார் அச்சில் பொருத்துவதற்கு லேத்தில் கொடுத்துக் கடைந்த ஒரு இரும்புத் தகடு. பின் சக்கரம் முந்திக்கொண்டு இறுகிவிடாமல் இருக்க ஒரு சின்ன வால்வு. ஆரோக்கியம் ஒன்றே ஒன்றைத்தான் உன்னிடம் திருப்பித் திருப்பிச் சொன்னாராம். "சார், கைபிரேக் டிரம்முக்குள்ளதான் இருந்துச்சு, அதுவும் இதோட போயிடும். லீவர் வெச்ச காலிப்பரா ஆர்டர் போட்டுடுவோம், ஒரு மாசம் பொறுங்க." உனக்கு ஏது பொறுமை? "ஆர்டர் போட்டு வை, முதல்ல ஓடுற வண்டி நிக்கட்டும்யா" என்று சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய்.

எங்கள் குடியிருப்பின் வாசலில் ஒரு சரிவு உண்டு. அதில் முன்சக்கரத்தை ஏற்றி நிறுத்தி, பழக்க தோஷத்தில் கைபிரேக்கை இழுத்துவிட்டு, நீ இறங்கி வந்தாய். நான் கேட்டுக்கு உள்ளே, நீ வெளியே. "இனிமே எந்த மழையிலயும் சொன்ன இடத்துல நிக்கும். மிதிச்சா ஆணி அடிச்ச மாதிரி" என்று நீ ஆரம்பித்தாய். உன் தோளுக்குப் பின்னால் கார் மெதுவாக நகரத் தொடங்கியது.

"அண்ணா, கார் போகுது."

"கிண்டல் பண்ணாத விஜி, முழுசாக் கேளு."

"நிஜமாத்தான். தெருவைத் தாண்டிடுச்சு."

நீ திரும்பிப் பார்ப்பதற்குள் அது எதிர்ப்பக்கத்துப் பால் பூத் வாசலில் அடுக்கியிருந்த காலி டிரேக்களின் மேல் சாய்ந்து நின்றுவிட்டது. நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பக்கத்து வீட்டுக் கட்டட வேலைக்காகக் கிடந்த ஒரு கட்டையை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். வைத்துவிட்டு அங்கேயே நடுத்தெருவில் உட்கார்ந்து சிரித்தேன். எத்தனை மாதச் சிரிப்போ தெரியவில்லை, நிறுத்த முடியவில்லை. நீ தலையைச் சொறிந்துகொண்டு நின்றாய். "லாரின்னா கிளீனர் இருப்பான், இறங்கிக் கட்டை வைப்பான். என் காருக்கும் ஒரு ஆள் வேணும்போல இருக்கே. வர்றியா?" என்று கேட்டாய். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து ஏறினேன்.

அதற்கப்புறம் ஒரு வருஷம், ஒரு ஞாயிறு தவறவில்லை. முக்கொம்பில் நீ வண்டியை நிறுத்துவாய், நான் கட்டையோடு இறங்குவேன், வைத்துவிட்டு "வெச்சாச்சு!" என்று கத்துவேன். அதற்குப் பிறகுதான் நீ பிரேக்கிலிருந்து காலை எடுப்பாய். ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்தபோதுகூட என் வார்த்தைக்கு யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை. முசிறிக்குப் போகும் வழியில் சிலசமயம் என்னிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்து, என் லைசன்ஸைத் தூசி தட்ட வைத்தாய். "எப்பத்தான் கைபிரேக் போடுவ?" என்று கேட்டால் "சாமான் வரலை விஜி" என்பாய். நான் நம்பினேன். வராமலே இருக்கட்டும் என்றுகூட உள்ளுக்குள் நினைத்தேன்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. தூக்கத்திலேயே போய்விட்டாய், அதிலும் பொறுமை இல்லை. வெளிநாட்டில் இருக்கும் உன் பையன் "நீங்களே பார்த்து வித்துடுங்க அத்தை" என்று சொன்னதால், காரை ஒருமுறை சரிபார்க்க ஆரோக்கியத்திடம் கொண்டுபோனேன். அவர் உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே லீவர் வைத்த இரண்டு காலிப்பர், அதற்கான கேபிள். எதுவும் பிரிக்கப்படவில்லை.

"இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன்.

"வண்டி எடுத்துட்டுப் போன அடுத்த மாசமே வந்துடுச்சும்மா. நானும் ஒவ்வொரு தடவையும் கேட்பேன், மாட்டிடலாமா சார்னு. 'இருக்கட்டும்யா, மாட்டிட்டா அவ வீட்டுலயே உக்காந்துடுவா'ம்பாரு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மலைக்கோட்டைத் தெருக்களிலெல்லாம் ஒரு கட்டையை நம்பிக் காரை நிறுத்திய மனுஷன், வாத்தியாராம்! அப்புறம் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். ஆரோக்கியம் டீ வாங்கி வரச் சொன்னார். குடித்து முடித்ததும், "மாட்டுங்க, கார் விக்கிறதுக்கில்லை" என்று அவரிடம் சொன்னேன். பிறகு டிரைவிங் ஸ்கூலுக்குப் பதினைந்து நாள் போய், கையைப் பழக்கிக்கொண்டேன்.

எங்கள் மாடியில் ஒரு ரிடையர்டு டீச்சர் குடிவந்திருக்கிறார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு தனியாக இருக்கிறார், பால் வாங்க இறங்குவார், ஏறிவிடுவார். போன மாதம் அவர் கதவைத் தட்டி, "டீச்சர், என் கார் ரொம்பப் பழசு, நிறுத்தினா கட்டை வைக்க ஒரு ஆள் வேணும். வர்றீங்களா?" என்று கேட்டேன். யோசித்தார், புடவை மாற்றிக்கொண்டு வந்தார். இன்றோடு நாலாவது ஞாயிறு. முக்கொம்பில் அவர் கட்டையோடு இறங்கியதும் நான் கைபிரேக்கைச் சத்தமில்லாமல் இழுத்துவிட்டேன். நன்றாகவே பிடிக்கிறது. இருந்தாலும் அவர் பின்னாலிருந்து "வெச்சாச்சு!" என்று சொல்லும்வரை, பிரேக்கிலிருந்து நான் காலை எடுக்கவில்லை.

விஜி