அவன் எதிரில் சொன்னது

திருக்கழுக்குன்றம்
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து

அன்பு மகள் ஜெபாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் மஸ்கட்டில் சுகமாக இருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. இங்கே நானும் உன் அண்ணன் ஆல்வினும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அந்த மட்டுக்கு நலம். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போன் எடுத்தால் ஆல்வின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதைக் கொடுக்கிறான். அவன் காதுபட ஒரு தடவை பேசியதே என் ஆயுசுக்குப் போதும். அதைத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படி.

என் நெஞ்சுவலி வெறும் வாய்வு இல்லை என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமாம், நாள் கடத்தக் கூடாதாம். நீ பயந்து டிக்கெட் போடாதே, எனக்கு ஒன்றும் ஆகாது, அவ்வளவு சீக்கிரம் உங்களை விடுகிற ஆள் நான் இல்லை. அம்மா இருந்தால் நான் பாட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வேன். அவள் போய் எட்டு மாதம் ஆகிறது, முப்பத்துநாலு வயதுப் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது? கடைக்காரி கன்னியம்மா பகலில் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள், பாவம், ராத்திரியில் ஃபிட்ஸ் வந்தால் அவள் என்ன செய்வாள்? திருப்போரூர் பக்கம் இவனைப் போல மனவளர்ச்சி குறைந்த பெரியவர்களைத் தங்கவைத்துப் பார்க்கிற இல்லம் ஒன்று இருக்கிறது, அதில் ஒரே ஒரு இடம் காலி. ஆனால் எந்நேரமும் துணை தேவைப்படுகிறவர்களுக்குத்தான் தருவார்களாம், அதை டாக்டர் பார்த்து எழுதித் தர வேண்டும்.

அதற்காகப் போன மாதம் மாற்றுத்திறனாளிகள் மருத்துவ முகாமுக்குக் கூட்டிப்போனேன். அங்கேதான் புத்தி கெட்டுப் போனேன். ஈஸ்டருக்கு எடுத்த சட்டையைப் போட்டு, தலையைப் படிய வாரி, பவுடர் பூசி அழைத்துப்போனேன். நாம்தான் நாலு பேர் இருக்கிற இடத்துக்குப் பிள்ளையை அழுக்காக அனுப்பமாட்டோமே. டாக்டரம்மா பேர் கேட்டதும் எழுந்து நின்று கும்பிட்டு, “வணக்கம். என் பேரு ஆல்வின். டென்த் படிச்சிருக்கேன். அப்பாவுக்கு ஒத்தாசையா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா” என்று கடகடவென்று ஒப்பித்துவிட்டான். உன்னைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்காக நீயும் அம்மாவும் ஆறு மாதம் சொல்லிக்கொடுத்த அதே நாலு வரி. அதைக் கேட்டுத்தானே மாப்பிள்ளை வீட்டார், பையன் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு தட்டு மாற்றினார்கள். நானும் மடையன் மாதிரிப் பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா சந்தோஷப்பட்டு, நன்றாகப் பழக்கியிருக்கிறீர்கள், இவருக்கு ஓரளவு துணை போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இல்லத்தில் அந்தத் தாளைப் பார்த்து, இடம் இல்லை என்றார்கள்.

இல்லத்தில் வேலை பார்க்கும் கீர்த்தனா என்ற பெண்தான், மறுபடியும் பார்க்கச் சொல்லி மனு போடுங்கள், இந்தத் தடவை அவரால் முடியாததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றது. போன செவ்வாய்க்கிழமை மறுபடி முகாமுக்குப் போனோம். அவனை வெளியே உட்காரவைக்கப் பார்த்தேன், என் சட்டையை விடவில்லை. அவன் எதிரிலேயே சொன்னேன் ஜெபா. வாரத்தில் இரண்டு நாள் படுக்கை நனைவது, அடுப்பைத் திறந்துவிட்டுப் போவது, ரோட்டைக் கடக்கத் தெரியாதது, கோபம் வந்தால் தலையைச் சுவரில் மோதுவது, எல்லாவற்றையும். வேறு, வேறு என்று டாக்டரம்மா கேட்கக் கேட்க, உன் அம்மா உயிரோடு இருந்தவரை பக்கத்து வீட்டுக்குக் கூடத் தெரியாமல் மூடிவைத்ததையெல்லாம் அந்த மேஜைமேல் கொட்டினேன். பேண்ட் ஜிப் போடத் தெரியாது என்று சொன்னபோது, “நான் போடுவேன்ப்பா” என்று மெதுவாகச் சொன்னான். போட்டுக் காட்டவும் பார்த்தான், பாதிதான் ஏறியது. நான் அவன் முகத்தைப் பார்க்காமல், இல்லை டாக்டர், தெரியாது என்றேன். அதற்குப் பிறகு அவன் என் சட்டையை விட்டுவிட்டான், பஸ்ஸிலும் பிடிக்கவில்லை.

இடம் கிடைத்துவிட்டது. வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள் கொண்டுபோய் விட வேண்டும், அதற்குள் உன் கைக்கு வரட்டும் என்றுதான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். ஆனால் முகாமுக்குப் போய்வந்த மறுநாள் காலையில், வழக்கம்போலப் பால் பாக்கெட் வாங்கி வாடா என்றேன். “எனக்குத் தெரியாது. நீதான சொன்ன” என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான். நானே போனேன், “இன்னாண்ணே, புள்ளய காணோம், நீ வந்துகினு கீற” என்று கன்னியம்மா கேட்டாள், மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் திரும்பிவிட்டேன். இப்போது சட்டை மாட்டுவதில்லை, தட்டைக் கழுவுவதில்லை, நான் போட்டுவிடும்வரை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறான். உன் அம்மா முப்பது வருஷமாக ஒவ்வொன்றாகச் சேர்த்ததை அரை மணி நேரத்தில் அழித்துவிட்டேன். பொய் சொல்லியிருந்தால் மன்னிப்பாவது கேட்கலாம். சொன்னது அத்தனையும் நிஜம், எங்கே போய் அழுவேன்?

இல்லத்துப் படிவத்தில், தகப்பனுக்குப் பிறகு பொறுப்பு யார் என்று ஒரு கேள்வி இருந்தது. உன்னைக் கேட்காமலே உன் பேரை எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே, வேறு யார் இருக்கிறார்கள் நமக்கு? மாப்பிள்ளையிடம் உன் அண்ணனைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடு. அவர் நல்ல மனுஷர், நாம்தான் இத்தனை வருஷம் அவரை நம்பாமல் இருந்துவிட்டோம்.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம், கர்த்தர் உங்கள் மூவரையும் கண்ணின் மணிபோல் காப்பாராக. வெயிலில் அலையாதே, டூட்டி என்று பட்டினி கிடக்காதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே அம்மா. அவனைக் கொண்டுபோய் விடுவதற்குள் ஒரு நாள் போன் செய்து, உனக்கு எத்தனையோ தெரியும்டா என்று அவனிடம் நீ சொல்லு. நான் தினமும் சொல்லித்தான் பார்க்கிறேன், அவன் என்னை நம்பமாட்டேன் என்கிறான்.

இப்படிக்கு,
உன் அப்பா
மோசஸ்