கைமாற்ற ஆள் வரும் வரை

நாள் 1. காலை 7:00
சந்திரனில் உள்ள சுரங்க ஆஸ்பத்திரி, தூசி நுரையீரல் வார்டு. கட்டில் பன்னிரண்டு, நோயாளிகள் பத்து. இந்த டியூட்டி நோட்டை எழுதுவது வார்டு ஆயா பவுனம்மா. நாலாவதோடு படிப்பை ஏறக்கட்டியவள், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். சிஸ்டர் ஜெசிந்தாவுக்குக் கை ஒழியவில்லை. இன்னொரு சிஸ்டர் துளசி போன கப்பலில் நோயாளியாக ஊர் திரும்பிவிட்டாள். அவள் மணிக்கட்டில் கட்டும் டியூட்டிப் பட்டை ஆணியில் தொங்குகிறது.

சுவர்ப் பலகை இன்றும் கேட்டது: எத்தனை மணி ஷிஃப்ட் வேண்டும்? எட்டா, பன்னிரண்டா, பதினாறா? ஜெசிந்தா எட்டைத் தொட்டாள். "மாற்று ஆள் வரும் வரை" என்று பதில் வந்தது. அப்புறம் எதற்கு இந்த உபசாரம்? சாப்பாடு இல்லாத ஓட்டலில் மெனு கார்டு நீட்டுகிற கதை.

நாள் 2. மதியம் 2:10
ஜெசிந்தா முப்பத்தொரு மணி நேரமாக நிற்கிறாள். மாற்ற வந்தவள் பலகையில் கட்டைவிரல் வைத்தால்தான் ஜெசிந்தாவின் பட்டை அடங்கும். கண் சொருகினால் ஊசியாகக் குத்துகிறது. சற்று முன் மூன்றாம் கட்டிலுக்கு அதே மருந்தை இரண்டாம் முறை ஏற்றப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

பூமியிலிருந்து அதிகாரி இளம்பரிதியின் குரல்: "ரெண்டு சிஸ்டர் கப்பல்ல வர்றாங்க. இன்னும் மூணு நாள்தான், சமாளிங்க."

நாள் 3. காலை 8:00
நாற்பத்தொன்பது மணி நேரம். மருந்து அலமாரியில் சாய்ந்தபடி ஜெசிந்தா: "எக்கா, தரை ஆடுது."

நோயாளிகளுக்கு அடுத்த ஊசி போட நாலு மணி நேரம் இருக்கிறது, அதுவரையாவது அவள் தூங்கட்டும். துளசியின் பட்டையை மாட்டிக்கொண்டு பலகையில் என் கட்டைவிரலை வைத்தேன். என்னையும் சிஸ்டர் என்று ஏற்றுக்கொண்டது! ஜெசிந்தாவின் பட்டை அடங்கியது. ஓய்வறைப் பக்கம் தள்ளிவிட்டேன். பாதி வழியிலேயே குறட்டை. பெட்பான் கழுவின கை இன்று சிஸ்டர் கை. ஊரில் சொன்னால் நம்புவார்களா?

காலை 8:25
இளம்பரிதி: "நல்ல சேதிம்மா. ரெண்டு சிஸ்டர் டியூட்டியில இருக்கறதா காட்டுது. ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் சரியாயிடுச்சு. அதனால கப்பலை வேற தளத்துக்குத் திருப்பிட்டாங்க."

நான்: "ஐயா, சாமி, நான் ஆயா! எனக்கு ஊசி போடத் தெரியாது!"

அவர்: "எனக்குத் தெரியுதும்மா. கம்ப்யூட்டர் ஒத்துக்கணுமே. டியூட்டில இருக்கறவங்க தகுதி இல்லைன்னு சொன்னா, அது களைப்புன்னு எடுத்துக்கும்."

பட்டை என்னைக் குத்தியது. களைப்பாம்.

காலை 8:40
வேறு வழி கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு: "பட்டையில நாடி நின்னா, ஆள் போயிட்டதா கணக்கு. கப்பல் தானா திரும்பும். நான் சொன்னதா எழுதிடாதீங்க."

எழுதிவிட்டேன். மன்னிக்கவும்.

காலை 8:50
டியூட்டி முடியாமல் பட்டை கழலாது, மாவுக்கட்டு வெட்டும் கத்தரியால் அறுத்தேன். பலகை: "செவிலியர் பவுனம்மா காலமானார். கப்பல் திரும்புகிறது. ஐந்து நாள்." செத்தவள் எழுதுகிறேன், கையெழுத்து முன்னைவிட நன்றாகவே இருக்கிறது.

காலை 8:51
இதை யோசிக்கவில்லை. நான் போனால் டியூட்டி யார் தலையில்? ஓய்வறையில் ஜெசிந்தாவின் பட்டை அலறுகிறது. மறுபடி விரல் வைத்தேன். "இறந்தவர்" என்கிறது. பத்து முறை வைத்தேன். அவள் பட்டையை அறுத்தால் மருந்து அலமாரியே திறக்காது.

காலை 8:55
சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "எக்கா, எவ்வளவு நேரம் ஒறங்குனேன்?"

நான்: "பத்து மணி நேரம்டி. உன் குறட்டையில நோயாளிங்கதான் தூங்கல."

நம்பினாள். சிரித்தாள். "அதான் ஒடம்பு லேசா இருக்கு" என்று எட்டாம் கட்டிலுக்குப் போனாள். குனிந்து, நாடி பிடித்து, நெற்றியைத் தடவி, பெயர் கேட்டாள்.

அந்தக் கட்டிலில் யாரும் இல்லை. பெயரைக் குறித்துக்கொள்ளச் சொல்லி என்னைப் பார்க்கிறாள்.