விட்டுவைத்த நான்கு

மார்ச் 4

பட்டறையில் ஒரே ஒரு ஃப்ரிட்ஜ். கேஸ் கசிவு. எந்த மூட்டில் என்று சோப்பு நுரை தடவிக் கண்டுபிடிப்பதற்குள் மதியமாகிவிட்டது.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. காதோரம் உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த கட்டியைப் போன வருடமே வெட்டி எடுத்தார்கள். கூடவே முகத்தின் வலது பக்க நரம்பும் போனது. இப்போது நுரையீரலில் ஐந்து இடத்தில் முளைத்திருக்கிறது. பெரியதற்கு மட்டும் கதிர்வீச்சு. கூடவே எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப்பில்.

"மத்த நாலு?"

"அதுங்கள விட்டுவைக்கிறோம்," என்றார் டாக்டரம்மா. "ஒண்ண சுட்டா அது உடையும். உடைஞ்சதப் பாத்து உங்க உடம்பு எதிரிய அடையாளம் கண்டுக்கலாம். மருந்தும் கைகொடுத்தா, மத்ததையும் தேடிப் போய் அடிக்கும். ஆனா நிறைய பேருக்கு அப்படி நடக்கல. அதையும் சொல்லிடறேன்."

மழுப்பாமல் பேசுகிறார். பிடித்திருந்தது.

மார்ச் 11

கதிர்வீச்சு அறை. ஏசிக் காற்று நேராகப் படுக்கைமேல் இறங்குகிறது. மாட்டியவன் எவனோ! டெக்னீஷியன் வாய் ஓயாமல் "சிலை மாதிரி இருங்க சார்" என்றார். அவருக்கே சிலை என்று பெயர் வைத்துவிட்டேன். வலி இல்லை, சூடு இல்லை. ஒன்றுமே தெரியாமல் இருப்பதற்கா இவ்வளவு பெரிய மெஷின்?

மார்ச் 20

கதிர்வீச்சு முடிந்தது. சிலை கைகுலுக்கினார்.

ஏப்ரல் 2

இரண்டாவது டிரிப். இருமல் உண்டா, மூச்சு வாங்குகிறதா, வயிற்றுப்போக்கு உண்டா என்று நர்ஸ் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. "இருந்தா மறைக்காதீங்க. மருந்த நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும்," என்றார்.

இந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 19

வயிறு சரியில்லை. வெளியில் சாப்பிட்டதாக இருக்கும். எங்கே சாப்பிட்டேன்?

ஏப்ரல் 23

மூன்றாவது டிரிப். அதே கேள்விகள். இல்லை, இல்லை, இல்லை. முகத்தில் பாதி அசையாததில் ஒரு லாபம், பொய் சொன்னால் தெரிவதில்லை. நிறுத்திவிட்டால் அந்த நான்கையும் யார் தேடிப் போய் அடிப்பது?

எனக்குச் சாகப் பயம். எழுதிப் பார்த்தால் சின்ன வாக்கியமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 27

என் வீட்டுக்காரிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. "ஏங்க, காலையிலேர்ந்து எத்தன தடவ போனீங்க?"

"என்ன எத்தன?"

"குழாயத் திறந்துவிட்டா எனக்குக் காது கேக்காதா?"

நிறுத்திடுவாங்கடி, ஃபோன வை, வைன்னு சொல்றேன்ல — கத்தினேன். வைக்கவில்லை. சமையலறையில் நின்றுகொண்டு, என் எதிரிலேயே, எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டாள். ரத்தம் போவதுவரை. அது இவளுக்கு எப்படித் தெரியும்?

மே 1

வார்டு. எதிர்ப்புச் சக்தி என் குடலையும் எதிரி என்று எடுத்துக்கொண்டுவிட்டது. ஸ்டீராய்டு ஏறுகிறது. மருந்து நிறுத்தம். இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் குடல் ஓட்டையாகியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இவளோடு பேசவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பாதிதான் தூக்க முடிந்தது.

"இப்படித் திரும்பிப் படுங்க. கோவம் நல்லாத் தெரியட்டும்," என்றாள்.

சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடாகிவிட்டது.

மே 2

"மருந்து போனா வேற பாக்கலாம். உங்கள எங்க போய் வாங்கறது?" என்றாள், ஆரஞ்சு உரித்துக்கொண்டே. சுளைக்குக் கை நீட்டினேன்.

மே 28

ஸ்கேன். சுட்டது பாதிக்குமேல் சுருங்கிவிட்டது. விட்டுவைத்த நான்கில் இரண்டும் சுருங்கியிருக்கின்றன, யாரும் தொடாமலே. ஒன்று அப்படியே இருக்கிறது. ஒன்று கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

"வளந்தத அடுத்து சுடலாம். குடல் ஆறட்டும், அப்புறம் மருந்தத் திரும்பக் கொடுத்துப் பாக்கலாம். ஆனா எதுவா இருந்தாலும் எனக்கு அன்னிக்கே தெரியணும்," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, இவளைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

ஜூன் 17

வளர்ந்ததற்குச் சூடு. சிலை விடுப்பில்.

ஜூலை 6

மருந்து மறுபடி.

ஜூலை 16

காலையில் வறட்டு இருமல். படியேறினால் மூச்சு வாங்குகிறது. இவள் டீயோடு உட்கார்ந்திருந்தாள், ஒன்றும் கவனிக்கவில்லை. எதிரில் போய் உட்கார்ந்து சொன்னேன். இவள் ஃபோனைத் தேடப் போனாள். வேண்டாம் என்று நானே டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.